புது வண்டியின் எஞ்சினில் கேட்ட சலசலப்பு

வண்டியின் ஓடோமீட்டர் 1,140 கிலோமீட்டரைக் காட்டிய நாளில், காலையில் வழக்கம்போல் வாசலில் நிறுத்தி எஞ்சினை இயக்கியபோது, திண்ணையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தி, “என்னப்பா, வண்டி சலசலங்குது?” என்று கேட்டார். நான் அதற்குள் ஹெல்மெட்டை மாட்டியிருந்தேன். கழற்றிவிட்டுக் குனிந்து கேட்டேன். சிலிண்டரின் இடப்பக்கத்திலிருந்து, மெல்லிய சங்கிலி ஒன்றைத் தகர டப்பாவில் போட்டு அசைத்தால் எழுவதைப் போன்ற ஒலி வந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று நிமிடங்களில் அது தேய்ந்து, வழக்கமான எஞ்சின் ஓசை மட்டும் மிஞ்சியது. அப்பா முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். அவர் சொன்ன அந்த ஒரே சொல் எவ்வளவு துல்லியமானது என்பது எனக்குப் புரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் நான் பார்த்ததையும் செய்ததையும், இதே நிலையில் இருக்கும் ஒருவருக்குப் பயன்படக்கூடும் என்பதால், விரிவாக எழுதி வைக்கிறேன்.

ஒற்றைச் சிலிண்டர், 160 சிசி அளவு, எரிபொருளை இன்ஜெக்டர் வழியாகச் செலுத்தும் வண்டி அது. திருச்சியில் வீடு, வாரத்தில் மூன்று நாள் வேலைக்காகப் புதுக்கோட்டைக்குப் போய்வருகிறேன். ஆவணியில் எடுத்த வண்டிக்கு முதல் சர்வீஸை 700 கிலோமீட்டரில் முடித்திருந்தேன். அதுவரை எந்தக் குறையும் இல்லை. பழைய வண்டியில் தேய்மானத்தின் ஒலி இத்தகையது என்று நமக்கு ஓரளவு பழகியிருக்கும். புது வண்டியிலோ எது இயல்பு, எது கோளாறு என்று பிரித்தறியும் பழக்கமே நமக்கு இன்னும் வந்திருக்காது. ஆகவே ஒவ்வொரு ஒலிக்கும் அஞ்சி எஞ்சினைத் திறக்கச் சொல்லுவோம், அல்லது ஓட ஓடச் சரியாகிவிடும் என்று வாரண்டி முடியும்வரை காத்திருப்போம். இரண்டுமே வண்டிக்குக் கேடு. தேவையின்றித் திறக்கப்பட்ட எஞ்சின், தொழிற்சாலையில் பொருத்தப்பட்டபோது இருந்த நேர்த்திக்குத் திரும்பும் என்பதற்கு உறுதி கிடையாது.

2020 ஏப்ரல் முதல் தேதி, வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு விற்பனைக்கு வந்த வண்டிகளில், கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் இல்லாத சில ஓசைகள் இயல்பாகவே உண்டு. சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடிகளுக்குக் கேட்கும் “ஙொய்” என்னும் முனகல் பெட்ரோல் பம்பினுடையது. எஞ்சின் ஓடும்போது மேற்பகுதியில் இடைவிடாது கேட்கும் மெல்லிய ‘டிக் டிக்’ இன்ஜெக்டர் திறந்து மூடும் ஓசை. வண்டியை நிறுத்தியபின் சைலன்சர் பக்கம் கேட்கும் ‘டிங் டிங்’, சூட்டில் விரிந்த உலோகம் சுருங்குவதால் வருவது; இது மட்டும் பழைய வண்டிகளிலும் உண்டு. இவற்றுக்காக யாரும் சர்வீஸ் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியவில்லையே, பிறகென்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த விளக்கு உணரிகளும் மின்சுற்றுகளும் தரும் செய்தியைத்தான் காட்டும். தளர்ந்த சங்கிலியையோ தேய்ந்த பேரிங்கையோ அறிந்து சொல்ல என் வண்டியில் உணரி எதுவும் கிடையாது. அந்த வேலையைக் காதுதான் செய்தாக வேண்டும்.

எந்த ஒலியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் ஆயிலின் அளவு. சர்வீஸில் ஆயில் மாற்றும்போது குறைவாக ஊற்றிவிட்டால் மேலேயுள்ள, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டும் ராக்கரும் சரியாக எண்ணெய் பெறாமல் ஒலிக்கும். அந்நிலையில் ஒலியை ஆராய்ந்துகொண்டே ஓட்டினால் ஆராய்ச்சி முடிவதற்குள் எஞ்சின் முடிந்துவிடும். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழிறங்க இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்து, வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்திப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் பார்ப்பது பிழையான அளவைக் காட்டும். என் வண்டியில் கண்ணாடிச் சாளரத்தின் இரு கோடுகளுக்கும் நடுவே ஆயில் நின்றது. அந்த அச்சம் அன்றே தீர்ந்தது.

அடுத்த நாளிலிருந்து சிறு குறிப்பேடு ஒன்றைப் பெட்ரோல் டேங்க் பையில் வைத்துக்கொண்டேன். ஒலி எழுந்த நேரம், எஞ்சின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எந்தக் கியர், ஆக்ஸிலரேட்டரைத் திருகியபோதா விட்டபோதா என்று ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தியபின் எழுதினேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒன்று தெளிந்தது. நான் ஒரே ஒலி என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று ஒலிகள்.

குறிப்பேட்டில் ஒலியை எழுத்தில் பிடிக்க முயன்றபோது, நம் மொழியின் இரட்டைக்கிளவிகள் இந்த வேலைக்கென்றே பிறந்தவைபோல் இருந்தன. சர்வீஸ் நிலையத்தின் ஜாப் கார்டில் “எஞ்சின் நாய்ஸ்” என்று இரண்டே சொற்களில் எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்கும் மெக்கானிக்குக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. ‘டிக் டிக்’ என்று சீராகக் கேட்டால், வால்வை ராக்கர் தட்டும் இடமான டாப்பெட்டையோ இன்ஜெக்டரையோ நினைக்கலாம். ‘டொக் டொக்’ என்று ஆழத்திலிருந்து, பாரம் ஏறும்போது வலுத்துக் கேட்டால், பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப்பகுதிப் பேரிங்கை நினைத்து வண்டியை உடனே நிறுத்த வேண்டும். ‘கொரகொர’ என்று உராய்ந்தால் பேரிங். ‘கிணுகிணு’ என்றால் பெரும்பாலும் எங்கோ வெளியே ஒரு தகடோ கம்பியோ அதிர்கிறது. அதிகக் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் ‘கடகட’ என்று கேட்பது, எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்னும் தாறுமாறாகவும் எரிவதால் வரும் நாக்கிங். ‘சலசல’ என்பது ஒழுங்கற்ற, தொடர்ந்த, இலேசான மோதல். தளர்ந்த சங்கிலி எழுப்பும் ஒலி அது. அப்பா பட்டறையில் வேலை பார்த்தவரல்லர். அவர் காதுக்குத் தோன்றிய சொல்லைத்தான் சொன்னார். சொல் சரியாக இருந்தது.

மூன்று ஒலிகளில் முதலாவது, 4,500 சுற்றுகளை நெருங்கும்போது மட்டும் கால்களுக்கருகே எழுந்த ‘கிணுகிணு’. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதற்கு மேலும் கீழும் மறையும் ஒலி, எங்கோ ஒரு பாகத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு எஞ்சினின் அதிர்வு ஒத்துப்போவதால் வருவது. நம்பர் பிளேட், சாரி கார்டு, லெக் கார்டு என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தேன். லெக் கார்டை இறுகப் பிடித்தபோது ஒலி நின்றது. வண்டி எடுத்த அன்றே வெளிக்கடை ஒன்றில் மாட்டிய லெக் கார்டு அது. அதைப் பொருத்த அவர்கள் எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் முன்பக்கப் போல்ட்டையே கழற்றி, அதே போல்ட்டில் லெக் கார்டின் பட்டையையும் சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அழகுக்கும் பாதுகாப்புக்கும் மாட்டும் பொருள்களால் எஞ்சினின் பிடிமானமே தளரக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. அந்தப் போல்ட் கையளவு முடுக்கில் விடப்பட வேண்டியதன்று. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து, கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்கப்பட வேண்டியது. சர்வீஸ் நிலையத்தில் சொல்லி முடுக்கியதும் அந்த ஒலி போயிற்று.

இரண்டாவது, குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுப் பிடிக்கும்போது பின்பக்கம் கேட்ட ‘சளக் சளக்’. இது பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினின் தளர்ச்சி. முதல் ஆயிரம் கிலோமீட்டரில் செயின் சற்றுக் கூடுதலாகவே நெகிழும். கையேட்டின்படி நடுவில் 25 முதல் 35 மில்லிமீட்டர்வரை அசைய வேண்டிய செயின், 45 மில்லிமீட்டர் அசைந்தது. சரிசெய்ய அரை மணி நேரம் ஆயிற்று.

மூன்றாவது, காலையில் கேட்ட சலசலப்பு. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே, சக்கரமும் வெளிச்செயினும் அசையாத நிலையிலேயே அது கேட்டது. ஆகவே எஞ்சினுக்குள்ளிருந்தோ அதை ஒட்டியிருக்கும் ஏதோவொன்றிலிருந்தோதான் வர வேண்டும். கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கத்தை விலக்க எளிய வழி ஒன்று உண்டு. நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது கிளட்ச் லிவரை முழுதும் இழுத்தால் கியர்பாக்ஸின் முதல் தண்டு எஞ்சினிலிருந்து விடுபடும். லிவரை இழுக்கும்போதும் விடும்போதும் ஒலி மாறினால் கிளட்ச் தட்டுகளையோ கியர்பாக்ஸ் பேரிங்கையோ ஐயுறலாம். பத்து முறை இழுத்து விட்டுப் பார்த்தேன். ஒலியில் இம்மியும் மாற்றமில்லை. எனவே பார்க்க வேண்டிய இடம், கிராங்க், சிலிண்டர், அதன் தலைப்பகுதியான ஹெட் என்ற வரிசைக்குச் சுருங்கியது.

இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறச் சூடேறக் குறைந்துபோகும் ஒலி என்று சொன்னால், அதற்குப் பொருந்தும் காரணங்கள் மூன்று இருந்தன. ஒன்று, சைலன்சர் பைப் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் சரியாக உட்காராமல் புகை கசிவது. சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டதும் ஒலி நின்றுவிடும். மற்றொன்று, பிஸ்டன் குளிரில் சற்றே சுருங்கியிருக்க, சிலிண்டர் சுவரில் பக்கவாட்டில் மோதுவது. அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிந்து இடைவெளி குறைந்ததும் அதுவும் அடங்கும். மூன்றாவது, கிராங்கிலிருந்து கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் செயின் தளர்ந்திருப்பது. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடேறும்போது அலுமினியத்தாலான சிலிண்டரும் ஹெட்டும் எஃகுச் சங்கிலியைவிடக் கூடுதலாக உயர்வதால், கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள தொலைவு கூடி, சங்கிலி தானாகவே சிறிது இறுகும். மூன்று காரணங்களும் ஒரே அறிகுறியைக் காட்டும்போது, “சூடானா சத்தம் போயிடுது” என்ற ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலாது. அந்தச் செய்தியையே தீர்ப்பாகக் கொண்டு எஞ்சினைப் பிரித்துவிடுவது நம்மூரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதை எண்ணினால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

புகைக் கசிவை விலக்குவது எளிது. இரவு முழுதும் நின்று குளிர்ந்த வண்டியில், பைப் சேரும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவி இயக்கினேன். கசிவு இருந்தால் முதல் சில நொடிகளிலேயே குமிழிகள் எழும். எழவில்லை. இணைப்பைச் சுற்றிக் கரிப்படிவும் இல்லை. சைலன்சரின் வாயைத் தடித்த ஈரத்துணியால் ஒரு நொடி மறைத்தால் உள்ளழுத்தம் கூடி, கசிவொலி உரக்கக் கேட்க வேண்டும். அதுவும் கேட்கவில்லை. கசிவு என்பது பட்டியலிலிருந்து போயிற்று.

பிஸ்டன் மோதலையும் டைமிங் செயினையும் பிரித்தறிய இரண்டு வழிகளை மேற்கொண்டேன். முதல் வழி, ஒலி எந்தச் சூழலில் வலுக்கிறது என்று பார்ப்பது. எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டனைச் சுவரின் மீது தள்ளுவதால் எழும் மோதல், பாரம் கூடும்போது, அதாவது ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது உரக்கும். டைமிங் செயினோ, ஆக்ஸிலரேட்டரை விட்டு எஞ்சின் வேகம் இறங்கும்போது, இழுவை மாறித் தளர்ந்த பக்கம் அலைபாய்வதால் கூடுதலாக ஒலிக்கும். சாலையில் ஓடும்போது காற்றின் இரைச்சலில் இதைக் கேட்பது கடினம். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றுவது அறவே கூடாது. கீரனூரைத் தாண்டிச் சாலையோரமாக நீளும் மதில் ஒன்று எனக்கு உதவிற்று. போக்குவரத்து இல்லாத வேளையில் மதிலை ஒட்டி மூன்றாம் கியரில் மெதுவாகச் சென்றால், எஞ்சினின் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்கும். அங்கே ஐந்தாறு முறை போய்வந்ததில், 3,500 சுற்றிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக விடும்போது, எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்த நிலையிலும், இரண்டு நொடிகளுக்கு அதே சலசலப்பு எழுந்து அடங்கியது. திருகும்போது எழவே இல்லை. அன்று நார்த்தாமலைப் பாறைகளைக் கடக்கும்போதே என் ஐயம் ஏறத்தாழ முழுதுமாக டைமிங் செயினின் மேல் விழுந்துவிட்டது.

இரண்டாவது வழி, எண்ணிப் பார்ப்பது. நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் கிராங்க் இரண்டு முறை சுழன்றால் கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுழலும். என் வண்டி குளிர்ந்த நிலையில் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடியது. அப்படியானால் கிராங்க் நொடிக்கு 25 முறையும், கேம் 12.5 முறையும் சுழல்கின்றன. வால்வையும் இன்ஜெக்டரையும் சார்ந்த ஒலி கேமின் கணக்கில்தான் வர வேண்டும். நொடிக்குப் பன்னிரண்டு தட்டல்களைக் காது எண்ணாது. ஆனால் கைபேசியில் பதிவுசெய்து, ஒலித்தொகுப்புச் செயலி ஒன்றில் எட்டு மடங்கு மெதுவாக்கினால் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தட்டலாக, நாடித்துடிப்பைப்போல் எண்ணிவிடலாம். அப்படிக் கேட்டபோது, சீரான ஒன்றரைத் தட்டல் ஒன்று அடியில் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அது இன்ஜெக்டரும் டாப்பெட்டும். அதன் மேலே, எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல், சில வேளை இரண்டு மோதல்களாகவும் சில வேளை நான்கைந்தாகவும் சிதறி வந்தது சலசலப்பு. பிஸ்டன் மோதலாக இருந்தால் அதுவும் எரிதலின் தாளத்தோடு சீராகவே வந்திருக்கும்.

இதற்குப் பிறகும் ஒலி வரும் இடத்தை உறுதிசெய்துகொள்ள விரும்பினேன். எஞ்சின் உறை முழுதும் அலுமினியம். ஓரிடத்தில் எழும் ஒலி உறை நெடுகப் பரவிவிடும் என்பதால், காதை வெறுமனே நீட்டிக் கேட்பது ஏமாற்றும். பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். காலையில் வண்டியை இயக்காமல் தள்ளிக்கொண்டு போவதற்கு வழியில்லாததால், முந்தின இரவே அங்கே விட்டுவிட்டு வந்து, மறுநாள் காலை அவர் முன்னிலையில் இயக்கினேன். நீண்ட திருப்புளி ஒன்றின் கூர்முனையை எஞ்சின் உறையிலும், பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பிலும் வைத்து அவர் ஒவ்வோர் இடமாகக் கேட்டார். சிலிண்டரின் வலப்பக்கம், டாப்பெட் மூடி, கிளட்ச் கவர், மேக்னெட் கவர் என்று நகர்ந்து, கடைசியில் டைமிங் செயின் ஓடும் இடப்பக்கப் பாதையின் மேல் வைத்ததும் திருப்புளியை என்னிடம் நீட்டினார். உலோகத் தண்டு ஒலியை நேராகக் கடத்துவதால், அந்த இடத்தில் சலசலப்பு வேறு எங்கும் கேட்காத அளவுக்குக் கூர்மையாக இருந்தது. இதைச் செய்வோர் சுழலும் பாகங்களிலிருந்தும் சூடான பைப்பிலிருந்தும் கையையும் உடையையும் விலக்கியே வைக்க வேண்டும்.

“டென்ஷனர் வேலை செய்யல தம்பி. ஆனா வாரண்டி இருக்கிற வண்டியில நான் ஸ்பேனர் வைக்க மாட்டேன். அவங்ககிட்டயே போங்க, இதே மாதிரி ராத்திரியே விட்டுட்டு வாங்க” என்றார். டென்ஷனர் என்பது டைமிங் செயினைத் தளராமல் இறுக்கிவைக்கும் பாகம். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் அன்று நினைத்திருந்தால் டென்ஷனரைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டிக்கொடுத்திருக்கலாம். ஒலியும் சில நூறு கிலோமீட்டருக்கு அடங்கியிருக்கும். கழற்றாமல் அனுப்பியதை அவருடைய தொழில் நேர்மையின் அடையாளமாகவே கருதுகிறேன்.

இதற்கு முன்பே ஒரு முறை சர்வீஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர் ஓட்டிச் சென்றதால், போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் சூடேறி ஒலி அடங்கிவிட்டிருந்தது. அங்கிருந்தவர் இரண்டு முறை ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டு, “புது வண்டி சார், ஓட ஓட செட் ஆகிடும்” என்றார். நான் வற்புறுத்தியபோது, டாப்பெட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி, சற்றுக் கெட்டியான ஆயில் ஊற்றித் தருவதாகச் சொன்னார். இரண்டையும் மறுத்தேன். மறுத்ததற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்வது தகும், ஏனெனில் இந்த இரண்டு வைத்தியங்களும் எங்கும் தாராளமாகச் செய்யப்படுகின்றன.

டாப்பெட் இடைவெளி என்பது, வால்வு முழுதாக மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடப்படும் மிக நுண்ணிய இடம். என் வண்டியின் கையேட்டில் அது உள்வரும் வால்வுக்கு 0.08 மில்லிமீட்டர், வெளியேறும் வால்வுக்கு 0.12 மில்லிமீட்டர். நாம் எழுதும் வெள்ளைத்தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்றால் அளவு விளங்கும். குளிர்ந்த எஞ்சினில், பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் இருக்கும்போது, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அளந்தே இதைத் திருத்த வேண்டும். காதால் கேட்டுத் திருத்தக்கூடாது. இடைவெளி சற்றுக் கூடினால் ஒலிதான் வரும். குறைந்தாலோ, சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாமல் போகும். வெளியேறும் வால்வு தன் மேல் ஏறும் சூட்டை, மூடியிருக்கும் நேரத்தில் தன் இருக்கையின் வழியாகத்தான் பெரும்பாலும் இறக்கிவைக்கிறது. மூடாத வால்வுக்கு அந்த வழி அடைபட்டு, விளிம்பு கருகி, அழுத்தம் கசியத் தொடங்கும். ஒலிக்கும் டாப்பெட்டைவிட ஒலியே இல்லாத டாப்பெட் அஞ்சத்தக்கது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

கெட்டியான ஆயிலும் அப்படியே. 10டபிள்யூ-30 என்ற தர ஆயில் கேட்கும் எஞ்சினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் ஒலி மட்டுப்படுவது உண்மை. தடித்த எண்ணெய்ப் படலம் மோதலை மெத்தைபோல் தாங்கும். ஆனால் தளர்ந்த சங்கிலி தளர்ந்தபடியேதான் இருக்கும், நமக்குக் கேட்காது, அவ்வளவுதான். குளிர்ந்த காலையில் அந்த ஆயில் மேலேறக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பது தனிக் கேடு. அங்கே யாரும் சொல்லவில்லை என்றாலும், வேறு ஒருவர் கார் எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொன்னார். மோட்டார் சைக்கிளில் கிளட்ச் தட்டுகள் அதே எண்ணெயில் நனைந்துகொண்டிருப்பதால், உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட கார் ஆயில் கிளட்சை வழுக்கச்செய்துவிடும். டப்பாவின் மேல், எண்ணெயில் நனையும் கிளட்ச் கொண்ட மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகவே.

இரண்டாம் முறை போனபோது முந்தின மாலையே வண்டியை விட்டு, நான் வருமுன் இயக்க வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் செய்தேன். அதற்குக் கீழே, “குளிர்ந்த நிலையில் இயக்கியதும் சிலிண்டர் இடப்பக்கம் சலசல என்ற ஒலி, மூன்று நிமிடத்தில் குறைகிறது, 3,500 சுற்றிலிருந்து ஆக்ஸிலரேட்டரை விடும்போது சூட்டிலும் வருகிறது, கிளட்சை இழுத்தால் மாற்றமில்லை” என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். மறுநாள் காலை மூத்த மெக்கானிக் ஒருவர் வந்தார். அதைப் படித்துவிட்டு, வண்டியை ஒரே ஒரு முறை இயக்கிக் கேட்டு, உடனே நிறுத்தினார். “டென்ஷனரைக் கழற்றிப் பார்த்துடலாம் சார்” என்றார். முன்பு என்னை அனுப்பிவிட்டவரும் அருகில் நின்று கவனித்தார். அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சூடான எஞ்சினில் அவருக்குக் கேட்க ஒன்றுமில்லாமல் போனதற்கு நானும் காரணம்.

டைமிங் செயின் டென்ஷனர் கட்டைவிரல் அளவேயுள்ள சிறு பாகம். சிலிண்டரின் பின்பக்கத்தில் இரண்டு போல்ட்டுகளில் நிற்கும். உள்ளே சுருள் வில் ஒன்று, ஒரு தண்டைத் திருகுபோல் சுழற்றி முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். தண்டின் முனை வளைந்த ரப்பர்ப் பட்டை ஒன்றை அழுத்த, பட்டை செயினின் தளர்ந்த பக்கத்தை அழுத்தும். புதுச் செயின் ஓடத் தொடங்கியதும் அதன் இணைப்பூசிகள் ஒன்றோடொன்று படிந்து, மொத்த நீளம் சிறிது கூடும். அந்த நெகிழ்ச்சியை எடுத்துக்கொள்ளத் தண்டு சற்று முன்னேற வேண்டும். முன்னேறிய தண்டு பின்னோக்கி வராதபடியான அமைப்பு அது. முதல் ஆயிரம் கிலோமீட்டர்வரை அமைதியாக இருந்த வண்டி அதன்பின் ஒலிக்கத் தொடங்கியதற்கான விடை இதிலேயே இருந்தது. செயின் நெகிழ்ந்தது; தண்டு முன்னேறவில்லை.

அவர் பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, மேக்னெட் கவரில் உள்ள சிறு துளையின் வழியே குறியைச் சரிபார்த்த பிறகே டென்ஷனரின் போல்ட்டில் கை வைத்தார். டென்ஷனரை எடுத்துவிட்ட நிலையில் கிராங்க் அசைந்தால் செயின் பல் தாண்டக்கூடும். அப்படித் தாண்டினால் வால்வு திறக்கும் நேரம் பிசகி, பிஸ்டனே வால்வில் மோதும் அளவுக்குப் போகலாம். தளர்ந்த செயினோடு பல மாதங்கள் ஓட்டினாலும் இதே ஆபத்து உண்டு என்பதால்தான் இந்த ஒலியை நான் விடாமல் பின்தொடர்ந்தேன்.

கழற்றிய டென்ஷனரைக் கையில் வைத்து, சிறு திருப்புளியால் தண்டை உள்ளே சுழற்றி இழுத்துவிட்டு விடுவித்தார். புதிதாக இருந்தால் விடுவித்த கணத்தில் துள்ளி முழு நீளத்துக்கு வெளிவர வேண்டும். என்னுடையது பாதித் தூரம் வந்து நின்றது. விரலால் தட்டியதும் இன்னும் சிறிது நகர்ந்து, மறுபடி நின்றது. தண்டின் திருகுவரையில் ஒரு பக்கம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சிறு பிசிறு இருந்தது. கடைந்தெடுத்தபோது நீக்கப்படாமல் விட்ட உலோகப் பிசிறாக இருக்கலாம் என்றார். இத்தனை நாள் ஒலிக்குக் காரணம், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் மட்டுமே தெரிகிற அந்தச் சிறு மேடு.

பாகம் கையிருப்பில் இல்லை. வரவழைக்க ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் புதுக்கோட்டைக்குப் போய்வந்தேன். புது டென்ஷனரையும் கேஸ்கெட்டையும் மாட்டி, கையால் கிராங்கை இரண்டு சுற்றுச் சுழற்றி, கேம் பல்சக்கரத்தின் குறியும் மேக்னெட்டின் குறியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். மேல் மூடி திறந்திருந்ததால் டாப்பெட் இடைவெளியையும் அளக்கச் சொன்னேன். 0.08, 0.12. தொழிற்சாலை வைத்த இடத்திலேயே இருந்தது. முதல் முறை போனபோது அதை இறுக்கச் சம்மதித்திருந்தால் அந்த எண்கள் அப்படி இருந்திருக்காது. வாரண்டியில் செய்ததால் கட்டணம் எதுவுமில்லை. பழைய டென்ஷனரை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றதால் அதைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஜாப் கார்டின் நகலில் மாற்றிய பாகத்தின் பெயரும் எண்ணும் ஓடோமீட்டர் அளவும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொண்டேன்; மீண்டும் இதே கோளாறு வந்தால் அந்தத் தாள் தேவைப்படும்.

இப்போது வண்டி 3,260 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கைபேசியில் மூன்று பதிவுகளை வைத்திருக்கிறேன். கோளாறு இருந்தபோது எடுத்தது ஒன்று, டென்ஷனர் மாற்றிய மறுநாள் காலை எடுத்தது ஒன்று, சென்ற ஞாயிறன்று எடுத்தது ஒன்று. மூன்றும் ஒரே இடத்தில், இரவு முழுதும் குளிர்ந்த எஞ்சினில், கைபேசியைப் பெட்ரோல் டேங்கிலிருந்து ஒரு முழத் தொலைவில் வைத்து எடுத்தவை. எட்டு மடங்கு மெதுவாக்கிக் கேட்டால், பின்னிரண்டிலும் நொடிக்கு ஒன்றரை என்ற அந்தச் சீரான தட்டல் மட்டுமே கேட்கிறது. அடுத்ததை 5,000 கிலோமீட்டரில் எடுத்து இவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன்.